மகள் என்ன படிக்கலாம்?

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் அயலிலுள்ள தாய்மார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “மகள் எதைப் படித்தால் நல்லது?” ஒரே சொல்லில் பதில் வேண்டும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. தொழில் வழிகாட்டல் என்ற துறையும் தொடக்கத்தில் அப்படியொரு பதிலைத்தான் தேடியது. பின்னர் அது வெகுதூரம் வந்துவிட்டது. அந்தப் பாதையைத் தாய்மாராகிய நாமும் அறிந்திருப்பது பயனுள்ளது.

1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் தேடும் இளைஞருக்காக ஒரு பணியகத்தை ஆரம்பித்தார். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அவரது நூல் 1909இல் வெளியானது. ஒருவர் முதலில் தன்னை அறிய வேண்டும், பின்பு தொழில்களை அறிய வேண்டும், இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே அவரது கருத்து.

இதன் வழியில் ஆர்வங்களை அளக்கும் வினாத்தாள்கள் தோன்றின. 1927இல் எட்வர்ட் ஸ்ட்ரோங் வெளியிட்டது ஆண்களுக்கானது. பெண்களுக்கு 1933இல் தனியாக ஒன்று வந்தது. காலப்போக்கில் ஆண்களுக்கு நீலத் தாள், பெண்களுக்கு இளஞ்சிவப்புத் தாள் என்று நிறமும் பிரிந்தது. இரண்டிலும் இருந்த தொழில் வரிசைகள் ஒன்றல்ல. ஒரே விருப்பமுள்ள அண்ணனுக்கும் தங்கைக்கும் வெவ்வேறு பாதைகள் காட்டப்பட்டன. எதிர்ப்புகள் எழுந்த பின்னர், 1974இல்தான் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன.

அரசுகளின் நோக்கமும் மாறி வந்துள்ளது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியது. மறு ஆண்டே அமெரிக்கா சட்டமியற்றி, பாடசாலை ஆலோசகர்களுக்குப் பணம் ஒதுக்கியது. விஞ்ஞானத் திறமையுள்ள பிள்ளைகளை இனங்காண்பதே அதன் நோக்கம். அங்கே நாட்டின் தேவை முன்னின்றது. 1975இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 142ஆம் இலக்க சமவாயம், பாகுபாடின்றி எல்லோரும் தம் ஆற்றலை வளர்த்துக்கொள்ள வழிகாட்டல் உதவ வேண்டும் என்றது. 2004ஆம் ஆண்டின் பரிந்துரையோ அதை வாழ்நாள் முழுவதற்கும் உரியதாகக் கண்டது.

அறிஞர்களின் சிந்தனையும் இவ்வாறே விரிந்தது. தொழில் தெரிவு ஒரே நாளில் முடிவதல்ல, அது வாழ்க்கையோடு சேர்ந்து வளர்வது என்று டொனால்ட் சூப்பர் 1953இல் எழுதினார். பின்னர் அவர் வரைந்த வாழ்க்கை வானவில்லில் ஊழியர் என்ற பங்கோடு வீட்டைப் பராமரிப்பவர் என்ற பங்கும் இடம்பெற்றது. பிள்ளைகளை வளர்த்துவிட்டு நாற்பது வயதில் ஒரு பயிற்சியைத் தொடங்கும் சகோதரிக்கும் இதில் இடமுண்டு.

ஆனால் என்னை அதிகம் சிந்திக்க வைத்தவர் லிண்டா கொட்பிரட்சன். 1981இல் அவர் முன்வைத்த கருத்தின்படி, ஆறு முதல் எட்டு வயதுக்குள்ளேயே பிள்ளைகள் “இது ஆண்களின் வேலை, இது பெண்களின் வேலை” என்று பிரித்து, தமக்குப் பொருந்தாதென நினைப்பவற்றைக் கைவிடத் தொடங்குகிறார்கள். பின்னர் குடும்பத்தின் அந்தஸ்தைப் பார்த்து மேலும் சிலவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். அப்படியானால் பதினாறு வயதில் நாம் கேட்கும் கேள்வி, ஏற்கனவே சுருங்கிப்போன ஒரு பட்டியலிலிருந்துதான் பதிலைப் பெறுகிறது.

நமது பாடசாலைகளில் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் அறிமுகமானது. “அது பொடியன்களுக்கு” என்ற பேச்சை இன்றும் வீடுகளில் கேட்கிறேன். மூன்றாம் ஆண்டில் படிக்கும் மகளின் காதிலும் அது விழுகிறது.

எனவே அன்புச் சகோதரிகளே, பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மின்சாரம் பழுதுபார்ப்பவரையும், நில அளவையாளரையும், மருந்தாளரையும் பற்றி மகளோடும் மகனோடும் ஒரே விதமாகப் பேசுங்கள். அவர்கள் வேலை செய்யும் இடங்களைக் காட்டுங்கள். பிள்ளையின் கேள்விகளைக் கேலி செய்யாதீர்கள். பட்டியல் நீண்டதாக இருக்கும்போதுதான் தெரிவு உண்மையில் அவளுடையதாகும்.