டெக் மேல் ஓர் அடுப்படி

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் சமையலறை பெரும்பாலும் கூடத்தோடு சேர்ந்தே இருக்கும்; நடுவில் சுவர் இருக்காது. அடுப்புக்கு மேலே மைக்ரோவேவோடு சேர்த்துப் பொருத்தியிருக்கும் புகைபோக்கி பல வீடுகளில் புகையை வெளியே அனுப்புவதில்லை. வடிகட்டிவிட்டு அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. நெத்திலி வறுத்தால் சோபாவிலும் திரைச்சீலையிலும் வாடை தங்கிவிடும். மிளகாய் வற்றல் கொஞ்சம் கருகினால் போதும், புகை அலாரம் அலறத் தொடங்கிவிடும். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, மீன் வறுக்கவும் பரோட்டா போடவும் ஒரு கேஸ் அடுப்பைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்கர்களுக்குக் கொல்லைப்புறச் சமையல் புதிதல்ல. ஃபோர்டு கார்களுக்காக அறுத்த மரத்தில் மிஞ்சிய துண்டுகளையும் தூளையும் கரிக்கட்டிகளாக்கி விற்க 1920-களில் வழி செய்தார் ஹென்றி ஃபோர்டு. இன்று கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் விற்பது அந்தக் கரிதான். 1952-இல் சிகாகோ பகுதியில் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், நீர்வழியில் மிதக்கவிடும் மிதவைக்கான உலோகக் கோளத்தை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதியைக் கரி போடும் கிண்ணமாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். காற்றுக்கும் மழைக்கும் அசராத அந்த உருண்டை அடுப்புதான் வெபர் கிரில். இப்போது அடுப்பு மட்டும் போதாது என்று ஆகிவிட்டது. கிரில், தோசை வார்க்கத் தோதான தட்டையான இரும்புத் தட்டு, காய் நறுக்க மேடை, பாத்திரம் கழுவத் தொட்டி என முழு அடுப்படியையே வீட்டின் பின்பக்க டெக்கில் கட்டிக்கொள்கிறார்கள்.

டெக் என்பது மரத்தூண்கள் மேல் உத்திரம், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் பலகை என அடுக்கிய திறந்த மரத்தளம். கிரில் எந்தக் கம்பெனி, கல் என்ன நிறம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், இந்தத் தளம் எவ்வளவு சுமக்கும் என்று தெரிந்தாக வேண்டும். வீட்டு டெக் ஒன்று ஆட்கள், மேசை, நாற்காலி எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ தாங்க வேண்டும் என்கிறது அங்குள்ள குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு. பழைய டெக்குகள் பலவற்றில் அந்த அளவு பலம்கூட மிச்சமிருப்பது சந்தேகம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள மேடை டெக்கில் 12 சதுர அடியை அடைக்கும். விதிப்படி அந்த இடம் தாங்க வேண்டியது ஏறத்தாழ 218 கிலோ. மேடையை கான்கிரீட் பிளாக்கில் கட்டினால் சுமார் 40 பிளாக் பிடிக்கும். ஒன்று 16 கிலோ என்று வைத்தாலே 640 கிலோ. 3 செ.மீ. கனத்தில் கிரானைட் போட்டால் இன்னொரு 90 கிலோ. கிரில் 50 கிலோ. ஆக 780 கிலோ, தாங்க வேண்டிய எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதே மேடைக்கு மெல்லிய இரும்புச் சட்டம் அடித்து, சிமென்ட் பலகை பொருத்தி, கிரானைட்டுக்குப் பதில் 12 மி.மீ. போர்சலைன் பலகை பதித்தால் எல்லாம் சேர்ந்து 170 கிலோ அளவில் முடிந்துவிடும். இவ்வளவுக்கும் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

எடையைக் குறைத்தாலும், அது வந்து இறங்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். மேடை உத்திரத்துக்கு நேர் மேலே அமைவது நல்லது. இல்லையென்றால் அடியில் கூடுதல் சட்டங்கள் கொடுக்க வேண்டும். தேவைப்பட்டால் தனித் தூணே போட வேண்டும். அந்தத் தூணின் அஸ்திவாரம் குளிரில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். சிகாகோவில் அது 42 அங்குலம். அந்த ஆழம் போகாவிட்டால் குளிர்காலத்தில் உறையும் மண் தூணை மேலே தள்ளிவிடும். குழி தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்தால், மண்ணுக்கடியில் கேஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள்.

டெக்கை வீட்டுச் சுவரோடு இணைக்கும் நீளச் சட்டம் இன்னொரு முக்கியமான இடம். டெக் இடிந்து விழுந்த விபத்துகள் பலவற்றில் இந்தச் சட்டம்தான் முதலில் கழன்றிருக்கிறது. வெறும் ஆணி அடித்திருந்தால் போதாது. போல்ட்டோ கனமான மரத்திருகோ போட்டு முடுக்கியிருக்க வேண்டும். 2004-க்கு முந்தைய டெக் என்றால், மரம் உளுத்துப் போகாமலிருக்க ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்த மரத்தை அறுத்தால் தூளைச் சுவாசிக்கக் கூடாது, துண்டுகளை எரிக்கவே கூடாது. பிறகு வந்த செம்பு மருந்து மரங்கள் சாதாரண இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். அதனால் துத்தநாகப் பூச்சு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளே அவற்றுக்குச் சரி.

அடுத்தது நெருப்பு. கிரில்லின் சூடு பெரும்பாலும் பின்பக்கமாக வெளியேறும். பின்னால் மரக் கைப்பிடியோ, வீட்டுச் சுவரில் ஒட்டிய வினைல் தகடோ இருக்கக் கூடாது. வினைல் உருகி நெளிந்துவிடும். பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த செயற்கைப் பலகையில் கங்கு விழுந்தாலும் தழும்பு விழும். தீப்பிடிக்காத விரிப்பு வேண்டும். தலைக்கு மேலே கூரையோ மரக்கிளையோ இருக்கக் கூடாது. எண்ணெய் பிடிக்கும் தட்டை வாரம் தவறாமல் கழுவுவது பெரிய பாதுகாப்பு, ஏனென்றால் கிரில் தீ விபத்துகளில் பல சுத்தம் செய்யாத கொழுப்பிலிருந்து தொடங்குபவை. வருடத்தில் ஜூலை மாதம்தான் இவை உச்சத்தைத் தொடுகின்றன.

கேஸ் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிலிண்டரில் வரும் புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் அறையில், எதிரெதிர்ப் பக்கங்களில், தரையை ஒட்டியே காற்றுத் துவாரங்கள் விட வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. அதற்குத் துவாரம் மேலே இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் கசிந்த கேஸ் மேடைக்குள்ளேயே தங்கி, அடுப்பைப் பற்றவைக்கும்போது குப்பென்று பற்றிக்கொள்ளும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்து, குமிழி வருகிறதா என்று சோதிப்பது நம் ஊர்ப் பழக்கம்தான், அங்கேயும் அதேதான். பற்றவைக்கும் நேரத்தில் கிரில் மூடி திறந்திருக்க வேண்டும். மின்சாரம் எடுத்தால் மழை மூடி போட்ட, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பிளக் பாயின்ட் கட்டாயம்.

செங்கல்லால் கட்டும் பெரிய பீட்சா அடுப்பு டெக்குக்கு ஆகாது. அதன் எடை டன் கணக்கில் போகும். அப்படி ஆசை இருப்பவர்கள் டெக்கை ஒட்டித் தரையில் கான்கிரீட் தளம் போட்டு அங்கே கட்டுவதே முறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. மர பால்கனிகளில் கரி அடுப்பையும் கேஸ் கிரில்லையும் பல நகரங்களின் தீயணைப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன.

அமெரிக்காவில் இப்படியொரு அடுப்படி கட்ட நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால், ஒரு டார்ச் விளக்கோடு டெக்குக்கு அடியில் போய்ப் பாருங்கள். தூண், உத்திரம், சுவரோடு சேரும் சட்டம், துருப்பிடித்த திருகு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களோடும் எடைக் கணக்கோடும் நகராட்சியின் கட்டட அலுவலகத்துக்குச் சென்று அனுமதி வாங்குங்கள். கிரில்லுக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.