கொரியப் பெயர்களும் தமிழ் எழுத்தும்: ஹன்குல் நாள் விழாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆண்டுதோறும் அக்டோபர் 9ஆம் நாள் தென்கொரியாவில் எழுத்து நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒரு நாட்டின் எழுத்து முறைக்கென அரசு விடுமுறை விடப்படுவது உலகில் அரிதாகக் காணப்படும் வழக்கம். இவ்விழா முதன்முதலில் 1926இல், சப்பானிய ஆட்சிக் காலத்தில், மொழி ஆர்வலர்களால் நடத்தப்பெற்றது. 1991 முதல் விடுமுறைப் பட்டியலினின்று நீக்கப்பட்டு, 2013இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. வடகொரியா இதே எழுத்தை வேறொரு பெயரால் அழைத்து, ஜனவரி 15ஆம் நாளன்று போற்றுகிறது.

கொரிய மொழி பயிற்றப்படும் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இந்நாள் கல்வியாண்டின் முதன்மையான பண்பாட்டு நிகழ்வாக அமைந்துவிட்டது. டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1970கள் தொட்டே கொரிய மொழி கற்பிக்கப்பட்டு வருகிறது. சென்னையில் 2006 முதல் இந்தோ-கொரியப் பண்பாட்டு மையம் இயங்குகிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளுள் ஒன்றாகக் கொரிய மொழியைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. இத்துறைகள் நடத்தும் விழாக்களில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, தூரிகை எழுத்துப் பயிற்சி, இரு பறைகளும் இரு சேகண்டிகளும் கொண்ட சமுல்நோரி இசை முதலியன இடம்பெறுதல் வழக்கம். அவற்றுள் கூட்டம் மிகுதியாகச் சேர்வது, வருவோரின் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதித் தரும் மேசையின் அருகில்தான். விளையாட்டுப்போலத் தோன்றும் இச்செயல் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய ஒரு வினாவை எழுப்புகிறது. இரு ஒலியமைப்புகள் நேருக்குநேர் சந்திக்கும்போது எவை நிற்கின்றன, எவை கரைகின்றன என்பதே அவ்வினா.

ஹன்குல் எழுத்தை அரசர் செஜொங் 1443இல் உருவாக்கி, 1446இல் விளக்க நூலுடன் வெளியிட்டார். அவ்விளக்க நூலின் படி ஒன்று 1940இல் கண்டெடுக்கப்பட்ட பின்னரே எழுத்துகளின் வடிவத்துக்கான அடிப்படை ஐயமின்றித் தெளிவாயிற்று. ககரத்தின் வடிவம் அடிநா தொண்டையை அடைக்கும் நிலையையும், நகரத்தின் வடிவம் நுனிநா மேலே தொடும் நிலையையும், மகரம் வாயையும், சகரம் பல்லையும் காட்டுவன. அடிப்படை மெய்யோடு ஒரு கோடு கூட்டினால் அதே இடத்தில் பிறக்கும் வேறோர் ஒலி பெறப்படும். பிறப்பியலை நூற்பாவில் வகுத்தவர் நம்மவர். அதைக் கோட்டோவியமாகவே வரைந்து எழுத்தாக்கியவர் செஜொங் எனலாம். தொடக்கத்தில் 28 எழுத்துகள் இருந்தன. இன்று 24 வழக்கில் உள்ளன. மெய்யும் உயிரும் தனித்தனி வடிவமுடையன ஆயினும், அவை வரிசையாக எழுதப்படாமல் அசைதோறும் ஒரு கட்டமாகத் தொகுக்கப்படுகின்றன. நம் உயிர்மெய்யெழுத்தில் மெய்யும் உயிரும் மட்டுமே இணையும். கொரியக் கட்டத்தில் அசையை மூடும் ஈற்றுமெய்யும் அடங்கும்.

பெயரெழுதும் மேசைக்கு 'வள்ளி' என்னும் பெயருடைய மாணவி வருவதாகக் கொள்வோம். கொரிய மொழியில் வகரத்துக்கு நேரான மெய் இல்லை. அயற்சொல்லெழுத்து விதிப்படி அது பகர இன எழுத்தால் குறிக்கப்படும். ளகரமும் இல்லை. ர, ல, ள, ழ, ற ஆகிய நம் ஐந்து எழுத்துகளுக்கும் அங்கு ஓரெழுத்தே உண்டு. உயிர்களுக்கிடையே தனித்து வரின் அது வருடொலி. அசை ஈற்றிலும் இரட்டித்து வரும்போதும் மருங்கொலி. எனவே 'வள்ளி' என்பது 'பல்லி' என்றாகும். கொரியர் இந்தோனேசியாவின் பாலித் தீவை எழுதுவதும் இதே எழுத்துகளால்தான்! பெயர்த்தாளைக் கையிலேந்திச் செல்லும் வள்ளி, கொரியர் கண்ணுக்கு ஒரு தீவாகத் தோன்றுவாள்.

இங்கு இழப்பு ஒலியமைப்பால் நேர்வது, தவிர்க்கவியலாதது. ஆனால் 'கமலா' என்னும் பெயரில் நேரும் இழப்பு வேறுவகையினது. கொரிய மொழியில் வல்லொலிகள் மும்மூன்றாக அமைந்துள்ளன: இயல்பொலி, மூச்சு மிக்க ஒலி, குரல்வளையை இறுக்கி ஒலிக்கும் இறுக்கவொலி. தமிழின் மொழிமுதற் ககரம் மூச்சற்றது. கொரியர் செவிக்கு அது பெரும்பாலும் இறுக்கவொலியாகவே படும். எனினும் 1986ஆம் ஆண்டின் அயற்சொல்லெழுத்து விதிகள், வல்லொலிகளைக் குறிக்க இறுக்கவொலி எழுத்தைப் பயன்படுத்தலாகாது என்பதைப் பொதுநெறியாகக் கொண்டுள்ளன. ஆகவே 'கமலா' மூச்சு மிக்க ககரத்தோடு எழுதப்படுகிறது. தாய்லாந்து, வியட்நாம் மொழிகளின் பெயர்களுக்கு 2004இல் தனிவிதிகள் வகுக்கப்பட்டபோது இறுக்கவொலி எழுத்துகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அந்த ஆண்டின் பட்டியலில் இந்திய மொழி எதுவும் இடம்பெறவில்லை. மேசையில் எழுதுவோர் பெயரைச் செவியால் கேளாமல் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதுவதும் உண்டு. அப்போது இழப்பு இரட்டிப்பாகும்.

இனி, எதிர்த்திசையை நோக்குவோம். கொரியப் பெயர்களைத் தமிழில் எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் அன்றாடத் தேவையாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் 1996 முதல் வேரூன்றிய கொரியத் தொழில் நிறுவனங்கள் ஒருபுறம். ஹான் காங் எனத் தமிழில் வழங்கும் நாவலாசிரியர் 2024இல் நோபெல் பரிசு பெற்றதையொட்டி எழுந்த இலக்கிய ஆர்வம் மற்றொருபுறம். இத்தேவையை நிறைவேற்றத் தமிழ் எழுத்து எதிர்பாராத தகுதி உடையது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கொரிய மொழியின் இயல்பொலிகள் சொல்லின் முதலில் ஒலிப்பிலா ஒலிகளாகவும், உயிர்களுக்கிடையிலும் மெல்லினத்தின் பின்னும் ஒலிப்புடை ஒலிகளாகவும் வருகின்றன. இவை ஓரொலியனின் மாற்றொலிகள். எனவே எழுத்து ஒன்றே. தமிழின் வல்லினத்தைப் பற்றி நம் மாணவர்க்கு முதல் வகுப்பில் கற்பிப்பதும் ஏறத்தாழ இதுவேயன்றோ? 'கடல்' என்பதிலும் 'தங்கம்' என்பதிலும் ககரம் ஒன்றே; ஒலிகள் இரண்டு. உரோமன் எழுத்துக்கு இந்த நெகிழ்ச்சி இல்லை. அதனால் 1939இல் உருவான பழைய உரோமன் முறை தெற்குத் துறைமுக நகரின் பெயரை ஒலிப்பிலாப் பகரத்தால் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் தென்கொரிய அரசு வெளியிட்ட புதிய முறை ஒலிப்புடைப் பகரத்தால் தொடங்குகிறது. பலகைகளும் நிலப்படங்களும் மாற்றப்பட்டன. தமிழிலோ 'புசன்' என ஒருமுறை எழுதினால் இரு காலத்துக்கும் அது பொருந்தும். 'ஹன்குல்' என்பதும் அத்தகையதே. 'நான்கு' என்னும் சொல்லை ஒலிக்கத் தெரிந்த தமிழர் எவரும் அதனைக் கொரியர் ஒலிப்பதற்கு மிக அண்மையில் ஒலிப்பர்.

இத்தகுதியைப் பயன்படுத்தாமல் ஆங்கிலத்தின் வழியே சுற்றி வருவதால்தான் நம் வழக்கில் பிழைகள் மலிந்துள்ளன. கொரியத் தலைநகரின் பெயர் 'சொ', 'உல்' என்னும் ஈரசை உடையது. முதல் அசையின் உயிர், ஒகரத்துக்கும் அகரத்துக்கும் இடைப்பட்டது; இதழ் குவியாதது. நாம் 'சியோல்' என எழுதி, அதில் இல்லாத யகரத்தைப் புகுத்திவிட்டோம். அவ்வுயிரைப் புதிய உரோமன் முறை ஈரெழுத்தால் எழுதுவதால், அவ்விரண்டையும் தனித்தனியே ஒலித்ததன் விளைவே 'யோ' என்னும் ஒலி பல ஆட்பெயர்களில் நுழைந்தமைக்கும் காரணமாகும். 'பார்க்' என நாம் எழுதும் குடிப்பெயர் கொரிய மொழியில் 'பக்' என்பதே. அங்குள்ள ரகரம், உயிரின் பண்பைக் காட்ட ஆங்கில எழுத்துக்கூட்டலில் இடப்பட்ட குறி. அது ஒலிப்பதற்கு உரியதன்று. 'லீ' என்பது தென்கொரிய வழக்கில் வெறும் 'இ'. சீனமொழிவழிச் சொற்களின் முதலில் வரும் லகர, ரகர இன ஒலியைத் தென்கொரிய வழக்கு நீக்கிவிடுகிறது. வடகொரியா அதனை எழுத்தில் தக்க வைத்துள்ளது. மொழிமுதலில் ரகர லகரங்களை ஏற்காத தமிழ் மரபுக்கு இது புதிதன்று. நாம் 'இராமன்', 'இலங்கை' என முன்னே உயிர் கூட்டுகிறோம். அவர்கள் மெய்யையே கைவிடுகின்றனர். 'தற்காலம்' எனப் பொருள்படும் 'ஹியொன்தே' என்னும் சொல்லே நம் சாலைகளில் 'ஹூண்டாய்' என ஓடுகிறது. வணிகப் பெயராக நிலைபெற்றுவிட்ட அதனை மாற்ற முனைதல் வீண்முயற்சி. ஆனால் அதில் வந்துள்ள டகரம் கருதத்தக்கது. ஆங்கிலச் சொற்களை எழுதப் பழகிய கை, கொரிய மெய்யையும் நாவளை ஒலியாக எழுதிவிடுகிறது. கொரியத் தகர இனம் பல்லைச் சார்ந்து பிறப்பது. 'டேகு' என எழுதுவதைவிடத் 'தேகு' என அந்நகரை எழுதுவது ஒலிக்கும் பொருந்தும். டகரம் மொழிமுதலாகாது என்னும் மரபுக்கும் பொருந்தும்.

குறைகளும் உள. மூச்சொலிக்கும் இறுக்கவொலிக்கும் நம்மிடம் தனியெழுத்து இல்லை. சொல்லிடையில் இறுக்கவொலியை இரட்டித்த வல்லினத்தால் எழுதலாம். கொரிய எழுத்தே அவ்வொலியை ஒரே மெய்யை இரட்டித்துத்தான் காட்டுகிறது. பெண் தன் தமையனை அழைக்கும் சொல்லை 'ஒப்பா' என எழுதினால் ஒலியும் எழுத்தும் ஒத்து நிற்கும். (ஆண் தன் தமையனை அழைக்கும் சொல் வேறு. இரண்டையும் 'அண்ணா' எனப் பெயர்த்தால், பேசுபவர் ஆணா பெண்ணா என்னும் குறிப்பு மறைந்துவிடும்.) மொழிமுதலில் இவ்வுத்தி பயன்படாது. 'நிலவு', 'மகள்', 'முகமூடி' எனப் பொருள்படும் மூன்று கொரியச் சொற்கள் முதல் மெய்யின் தன்மையால் மட்டுமே வேறுபடுவன. தமிழில் மூன்றும் 'தல்' என்றே முடியும். சகர, ஜகர வேறுபாட்டுக்குக் கிரந்த ஜகரத்தை ஏற்பதன்றி வேறு வழி தோன்றவில்லை. தனித்தமிழ் நோக்குடையார் இதற்கு உடன்படார் என்பதை அறிவேன்.

ஓர் உயிரைப் பற்றித் தனியே கூறவேண்டும். நாவை மேலுயர்த்தி, இதழ் குவியாது ஒலிக்கும் உயிர் ஒன்று கொரிய மொழியில் உண்டு. நம் குற்றியலுகரத்தை இக்காலப் பேச்சில் ஒலிக்கும் முறைக்கு அது மிக நெருங்கியது. வியப்பு யாதெனில், அயற்சொல்லின் ஈற்றுமெய்யைத் தாங்க இரு மொழிகளும் இதே ஒலியைத் துணைக்கு அழைக்கின்றன. குறிப்பேட்டை நாம் 'நோட்டு' என்கிறோம். கொரியரும் அதே ஆங்கிலச் சொல்லை ஏற்று, அதே உயிரை ஈற்றில் இட்டு வழங்குகின்றனர். 'கார்டு' என்பதும் அவ்வாறே. ஆகவே, உரோமன் எழுத்தில் ஈருயிர்க் குறியால் எழுதப்படும் இவ்வுயிரை 'யூ' என நீட்டாமல் உகரத்தால் எழுதுவதே தகும்.

இத்தகைய ஒப்புமைகள் விழா மேடைகளில் வேறொரு முடிவுக்குச் சான்றாக்கப்படுகின்றன. 'அப்பா', 'அம்மா', 'நான்', 'நீ', 'நாள்', 'புல்', 'வா' என நீளும் பட்டியலைப் படித்து, தமிழும் கொரியமும் ஒரு தாய் மக்கள் என அறிவிக்கும் வழக்கம் பரவியுள்ளது. இக்கருத்து பழையது. பிரெஞ்சுப் பாதிரியார் தாலே 1874இலும், அமெரிக்கரான ஹல்பர்ட் 1905இல் எழுதிய ஒப்பிலக்கணத்திலும் திராவிட உறவை எடுத்துரைத்தனர்; 1984இல் கிளிப்பிங்கர் சொல் ஒப்புமைகளைத் தொகுத்தார். ஆயினும் ஒழுங்கான ஒலி இயைபுகள் நிறுவப்படாமையால் வரலாற்று மொழியியலார் இதனை ஏற்பதில்லை. பெற்றோரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் உறவற்ற மொழிகளிலும் ஒத்திருப்பதன் காரணத்தை யாகோப்சன் 1960இலேயே விளக்கிவிட்டார். 'வா' என்னும் ஏவலுக்கு நிகராகக் காட்டப்படும் கொரிய வடிவம், 'ஒ' என்னும் அடியும் 'அ' என்னும் விகுதியும் புணர்ந்து பெற்ற வடிவம். அடிச்சொல்லில் வகரமே இல்லை. 'புல்' என்பது இன்னும் தெளிவான சான்று. தீ, கொம்பு, புல் ஆகிய மூன்றையும் குறிக்கும் கொரியச் சொற்கள் முதல் மெய்யால் மட்டுமே வேறுபட, நாம் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மேலும் 15ஆம் நூற்றாண்டு நூல்களில் இச்சொற்களின் உயிர் உகரமன்று. முன்னர்க் கூறிய, இதழ் குவியா உயிரே. பகர இனத்தின் பின் அது உகரமானது பிற்கால மாற்றம். செஜொங்கின் எழுத்தில் அச்சான பழைய நூல்கள் இல்லையேல் இதனை அறிந்திருக்கவும் இயலாது. எழுத்து நாள் விழாவில், அவ்வெழுத்து காத்துத் தந்த சான்றையே புறக்கணித்து உறவு கொண்டாடுவது முரணாக உள்ளது.

கொரிய நூல்களைப் பெயர்ப்போர் இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆங்கில வடிவத்தைக் காணுமுன் பெயரின் கொரிய எழுத்து வடிவத்தைப் பெற்று, அசை பிரித்து எழுதுதல். தாம் மேற்கொண்ட எழுத்து நேர்ப்பாடுகளை, மொழிமுதல் மூச்சொலிகளை எவ்வாறு எழுதினர் என்பது உள்படக் கொரிய எழுத்துடன் சேர்த்து நூலின் முன்பக்கத்தில் ஓர் அட்டவணையாகத் தருதல். 'பக்' என அச்சிடத் தயங்குவோர் முதல் வருகையில் மட்டும் 'பார்க்' என்னும் வழக்கு வடிவத்தை அடிக்குறிப்பில் காட்டலாம். பல்கலைக்கழகத் துறைகளும் பெயரெழுதும் மேசையில் ஆங்கிலப் படிவத்தை அகற்றிவிட்டு, வருவோரைத் தம் பெயரை இருமுறை உரக்கச் சொல்லுமாறு கேட்கலாம்.