மழைக்கு 16 வருஷம்: ரேசிங் சிம்ல எதைப் பார்த்து வாங்கணும்?

ரேசிங் சிம் வாங்கும்போது எல்லாரும் கேக்குறது, "எத்தனை கார் இருக்கு?" நான் பாக்குறது வேற: அது எதையெல்லாம் செய்ய முயற்சி பண்ணுது?

ஐரேசிங் 2008-ல வந்துச்சு. சந்தா கட்டணும், மூணு மாசத்துக்கு ஒரு பெரிய அப்டேட். ஆனா மழை வந்தது 2024-லதான். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேல, 2018 ஏர்லி ஆக்சஸ்லயே மழை இருந்துச்சு.

என் பார்வையில காரணம் எளிது. அது ஜிடி3 கார்களை மையமா வச்ச கேம். ஐரேசிங்ல ஓவல், ஃபார்முலா, மண் தடம் எல்லாமே உண்டு. மழை பெய்ஞ்சா தண்ணி எங்க தேங்கும், எந்த லைன் முதல்ல காயும், எந்த டயர் எவ்வளவு பிடிக்கும்னு அத்தனைக்கும் கணக்குப் போடணும். கோட் எழுதுறவங்களுக்கு இந்த வலி புரியும்.

அதனால ஜிடி3 மட்டும் போதும்னா காம்பெடிசியோனே வாங்குங்க. விதவிதமா ஆன்லைன்ல மோதணும்னா சந்தா கட்டுங்க, கொஞ்சம் பொறுமையும் வச்சுக்கோங்க.