வெயிலில் மூளும் அடுப்பு

உண்பது எளிது. உண்டதைச் செரிப்பதே அரிது. மக்களாகிய நமக்கு இவ்வுண்மை எளிதில் புலப்படுவதில்லை. மார்கழிக் குளிராயினும் சித்திரை வெயிலாயினும் நம் உடல் வெப்பம் செல்சியஸ் அளவில் ஏறத்தாழ 37 பாகையிலேயே நிற்கிறது. வயிற்றுக்குள் மூட்டிய அடுப்பு இரவும் பகலும் அணைவதில்லை. ஊர்வன இனத்தின் நிலை வேறு. அவற்றின் அடுப்பு உடலுக்குள் இல்லை, வானத்தில் இருக்கிறது. கதிரவனிடம் வெப்பத்தைக் கடன் வாங்கினாலன்றி அவை உண்ட உணவு உடலில் சேராது. இதனைத் தாடி ஓணானைக் கொண்டு ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் ‘பியர்டட் டிராகன்’ எனப்படும் இப்பிராணியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. 1926ஆம் ஆண்டில் ஜெர்மானிய விலங்கியலறிஞர் எர்ன்ஸ்ட் ஆல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். வால் உட்பட 2 அடி நீளம் வரை வளரும். அதில் பாதிக்கு வாலே உரியது. அச்சமோ சினமோ கொண்டால் தொண்டைத் தோலை உப்பிக் கருக்கச் செய்யும். அதுவே ‘தாடி’. நம் வேலிகளில் காணும் ஓணானும் இதுவும் ‘அகாமிடே’ என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உறவினர் ஆகும். சாதுவான இயல்பினால் இன்று பல நாடுகளில் இது வீட்டில் வளர்க்கப்படுகிறது.

காட்டில் இதன் நாள் எவ்வாறு தொடங்குகிறது? காலையில் எழுந்ததும் இரை தேடுவதில்லை. பாறை மீதோ வேலிக்கம்பத்தின் மீதோ ஏறி, உடலைத் தட்டையாக விரித்து, நிறத்தைக் கருமையாக்கிக்கொண்டு வெயில் காய்கிறது. கருநிறம் வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும் அன்றோ? உடல் வெப்பம் 35 பாகையை ஒட்டி உயர்ந்த பின்னரே சுறுசுறுப்பாக வேட்டையில் இறங்குகிறது. சூடு மிகுந்தால் நிறம் வெளிறும். வாயைத் திறந்து வெப்பத்தை வெளியேற்றும். பின் நிழலை நாடும். பல்லியினத்தின் இத்தகைய திறமையை ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் பாலைநிலப் பிராணிகளை ஆராய்ந்து 1944இல் விளக்கினர். ‘குளிர்ந்த இரத்தப் பிராணி’ என்னும் பழம்பெயர் எத்துணைப் பொருந்தாதது என்பது இதனால் விளங்கும்.

செரிமானத்திற்கு வெப்பம் எதற்கு? உணவைச் சிதைப்பவை நொதிகள். அவை வெப்பத்திற்கு ஏற்பவே விரைந்தோ மெதுவாகவோ தொழிற்படுகின்றன. குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்கத் தாமதமாவதை உங்கள் அன்னையர் அறிவர். ஓணானின் வயிற்றிலும் இதுவே நிகழ்கிறது. வெப்பம் 10 பாகை குறைந்தால் நொதிகளின் வேகம் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ தாழ்ந்துவிடும். குடலின் அசைவும் தளரும். செரியாத உணவு உள்ளேயே தங்கிக் கெடும். வயிறு உப்பும், மலம் கட்டும், சில வேளை உண்டதைக் கக்கும். வயிறு நிறைந்திருக்கும்போதே உடல் பட்டினி கிடக்கும் விந்தை இது!

ஆகவே கூண்டில் வளர்ப்போர் ஒரு சிறு பாலைநிலத்தையே அமைத்துத் தருதல் வேண்டும். கூண்டின் ஒரு முனையில், விளக்கொளி மேலிருந்து விழும் கல்லின் பரப்பில் 38 முதல் 42 பாகை வரை வெப்பம் இருக்கலாம். மறுமுனை 25 முதல் 28 பாகை வரை குளிர்ந்திருக்க வேண்டும். வேண்டும்போது காயவும் வேண்டாதபோது விலகவும் பிராணிக்கு இடம் தருவதே இதன் நோக்கம். ஒரே சீரான சூடு கொடுமையாகும். இரவில் விளக்கை அணைத்து, 20 பாகையை ஒட்டி விடலாம். அடியிலிருந்து சுடும் மின்கற்கள் வயிற்றைப் புண்ணாக்கும். கையால் தொட்டு மதிப்பிடுவது போதாது. இரு முனைகளிலும் வெப்பமானி வேண்டும்.

உணவு வேளையும் விளக்கைப் பொறுத்ததே. காலையில் விளக்கேற்றி ஓரிரு மணி நேரம் கழிந்த பின் உணவிடுக. விளக்கணைக்கும் முன் குறைந்தது இரண்டு மணி நேரம் செரிமானத்திற்கு விடுக. குஞ்சுகளுக்குப் பூச்சிகள் மிகுதியாகவும், வளர்ந்தவற்றிற்குக் கீரையும் காய்களும் மிகுதியாகவும் வேண்டும். பூச்சியின் பருமன் ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சலாகாது. எலும்பு உறுதிக்குச் சுண்ணாம்புச் சத்தும், அதனை உடல் ஏற்க உதவும் புறஊதாக் கதிரும் தேவை. சன்னற் கண்ணாடி அக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடுவதால், அதற்கெனத் தனி விளக்கு அமைப்பர்.

வளர்ப்போர் பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. ஓணான் உண்ண மறுத்தால் உணவை மாற்றுகின்றனர். வாயைத் திறந்து ஊட்டவும் முனைகின்றனர். குளிர்ந்த வயிற்றில் மேலும் உணவைத் திணிப்பது நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும். முதலில் பார்க்க வேண்டியது உணவுத் தட்டை அன்று, வெப்பமானியை. வெப்பம் சரியாயிருந்தும் உண்ணாவிடில் கால்நடை மருத்துவரை நாடுவதே முறை. காட்டு ஓணான் வெயிலைத் தேடிச் செல்லும். கூண்டு ஓணானுக்கு அவ்வுரிமை இல்லை. அதனை அடைத்தவன் உணவுக்கு மட்டுமன்றி வெயிலுக்கும் பொறுப்பாளி ஆகின்றான்.

நம் ஊர்ச் சிறுவர் வேலி ஓணானைக் கல்லால் அடிப்பது பழைய வழக்கம். இனி அதனைக் காணும்போது சற்றே நின்று நோக்குங்கள். அது சோம்பிக் கிடக்கவில்லை. இன்றைய உணவுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வெயிலை மறைக்காமல் விலகிச் செல்வது அறிவுடையோர் கடமை.