வாசகர் வட்டம் தொடர வேண்டுமா?

நம் மன்றத்தின் வாசகர் வட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று ஒரு தீர்மானம் அடுத்த பொதுக்குழுவின் முன் வர இருக்கிறது. அன்பர்கள் பலர் அதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். வட்டத்தின் வருகைப் பதிவேட்டை எழுதி வருகிறவன் என்ற முறையில், நலிந்துபோன ஓர் அமைப்பைத் தொடர்வதா விடுவதா என்பதை எப்படி ஆராய்வது என எனக்குத் தோன்றியதை ஈண்டு எழுதுகிறேன்.

2020-ஆம் ஆண்டில், நோய்த்தொற்றுக் காலத்தில், விடுதிகள் மூடப்பட்டு நாம் அவரவர் ஊரில் அடைந்து கிடந்தபோது தோன்றியது இவ்வட்டம். திங்களுக்கு ஒரு நூல். கடைசி ஞாயிறு மாலை கைபேசித் திரையில் கூடி அதைப் பற்றிப் பேசுவது. முதற் கூட்டத்திற்கு 41 பேர் வந்தனர். சென்ற திங்கள் வந்தவர் 7 பேர். அவர்களுள் நூலை முடித்தவர் நால்வர். ஏனைய மூவர் மற்றவர் பேசுவதைக் கேட்க வந்தவர்கள். இந்த வீழ்ச்சியைக் காட்டித்தான் கலைத்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் 41 என்ற எண்ணுக்கு இலக்கியப் பற்று மட்டுமா காரணம்? வீட்டை விட்டு வெளியே போக வழியில்லாத காலம் அது. அந்தக் காலத்தின் எண்ணை அளவுகோலாக வைத்து இன்றைய கூட்டத்தை அளப்பது முறையன்று.

எண்ணிக்கை என்றதும் நினைவுக்கு வருவது இதே கேரளத்தில், இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடியில் இருந்த ஒரு நூலகம். முதுவர் என்னும் மலைவாழ் மக்கள் வாழும் காட்டுப் பகுதி அது. அங்கே பி. வி. சின்னத்தம்பி என்பவர் தம் தேநீர்க் கடையிலேயே நூலகமும் நடத்தினார். நூல்கள் இருந்தது அலமாரியில் அன்று, சாக்குப் பைகளில். மொத்தம் 160 நூல்கள். மலையாளத்தில் பெயர்க்கப்பட்ட நம் சிலப்பதிகாரமும் அவற்றுள் ஒன்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் அவரைப் பற்றி எழுதிய பிறகே வெளியுலகம் அந்நூலகத்தை அறிந்தது. 2013-ஆம் ஆண்டு முழுவதும் அங்கே நூல் எடுத்துச் சென்ற தடவைகள் 37. பதிவேட்டை மட்டும் பார்க்கும் அதிகாரி ஒருவர் அந்த எண்ணைக் கண்டிருந்தால் அன்றே மூடச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த 37 முறையும் நூலை எடுத்தவருக்கு வேறு நூலகம் ஏது? நகரத்து நூலகம் ஒன்றில் 37 நூல்கள் குறைந்தால் வாசகர் அடுத்த தெருவுக்குப் போவார். இடமலைக்குடியில் குறைந்தால் வாசிப்பே இல்லாது போகும்.

ஆகவே முதலிற் கேட்க வேண்டிய வினா, எத்தனை பேர் வருகிறார்கள் என்பதன்று. இது நின்றால் யாருக்கு வேறு வழி இல்லாமற் போகும் என்பதே.

நம் எழுவரில் அறுவருக்கு வேறு வழி உண்டு. திருவனந்தபுரத்தில் 1829-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய பொது நூலகம் இருக்கிறது; தமிழ்ச் சங்கம் இருக்கிறது; பேசுவதற்கு நண்பர்களும் இருக்கிறார்கள். ஏழாமவர் நம் மன்றத்தின் பழைய மாணவி ஒருவர், பொன்முடியில் இருப்பவர். நம்மில் பலருக்குப் பொன்முடி என்றால் ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணம்: நெடுமங்காடு, விதுரா, கல்லாறு கடந்து, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். அந்தச் சாலையோரத் தேயிலைச் சரிவுகளில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களில் தமிழர் குடும்பங்களும் உண்டு என்பது பலர் கண்ணில் படுவதில்லை. அப்படிப்பட்ட குடும்பம் அவருடையது. மலையாள வழியில் படித்தவர்; தமிழ் அவருக்கு வீட்டில் கேட்ட மொழி. எழுத்துக் கூட்டி நூல் படிக்கத் தொடங்கியது நம் வட்டத்தில் சேர்ந்த பிறகுதான். நகரத்து நூலகம் அவருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு.

புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யைப் படித்த திங்களை நான் மறப்பதற்கில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை அது. நாங்கள் வழக்கம்போல் கதையின் நடை, உத்தி என்று பேசிக்கொண்டிருந்தோம். இடையில் அவர் சொன்னார்: “தம்பி, நீங்க நடையைப் பத்திப் பேசுறீங்க. நான் இதை எங்க பாட்டிக்குப் படிச்சுக் காட்டினேன். கொழுந்தை எடை போடுறப்போ கூடைக்குன்னும் ஈரத்துக்குன்னும் எவ்வளவு கழிச்சாங்கன்னு கதையில இருக்கான்னு கேட்டாங்க.” அதன்பின் அரை மணி நேரம் நாங்கள் பேசவில்லை, அவர் சொல்லக் கேட்டோம். தோட்டத்து வாழ்வைப் பற்றி வகுப்பறையில் கேட்டறியாத பலவற்றை அன்று அறிந்தேன்.

இங்கே இன்னொன்றும் விளங்கியது. பதிவேட்டில் 7 என்று இருக்கிறது. நூலைக் கேட்ட பாட்டி அதில் இல்லை. பழைய படிப்பகங்களிலும் இப்படித்தான். தமிழகத்தில் 1950-களில் தெருவுக்குத் தெரு இருந்த படிப்பகங்களில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவர் சூழ இருந்து கேட்பர். நாள்தோறும் வந்த ஒரே இதழ் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

எதையும் மூடவே கூடாது என்பது என் கட்சியன்று. அந்தப் படிப்பகங்களிற் பல மறைந்துவிட்டன. செய்தித்தாள் வீட்டுக்கே வந்தது, வானொலி வந்தது, பின்னர்த் தொலைக்காட்சியும் வந்தது. அவை தம் கடமையைச் செய்து முடித்து ஓய்ந்தன. அதற்காக அழ வேண்டியதில்லை. பெயர்ப்பலகைக்காக மட்டும் ஓர் அமைப்பை இழுத்துக்கொண்டு போவதைவிட முறையாக நன்றி கூறி முடிப்பது மேல். ஒருவர் தோளில் மட்டும் சுமை விழுந்து, அவர் தேர்வையும் உறக்கத்தையும் கெடுத்துக்கொண்டு நடத்துவதானால், அதையும் நிறுத்தத்தான் வேண்டும். நம் வட்டத்தில் இந்தக் குறை உண்டு. நூலைத் தேர்வது, அறிவிப்பது, கூட்டுவது எல்லாம் இருவர் வேலையாகிவிட்டது.

ஆனால் மூடுவதற்கும் இருந்தபடியே தொடர்வதற்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. நூலகம் என்பது வளரும் உயிர் என்று விதி வகுத்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தது 1931-இல். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் வரவில்லை என்று அவர் கதவைச் சாத்தவில்லை. நூலகத்துக்குச் சக்கரம் பூட்டினார். இந்நாட்டு பி. என். பணிக்கரும் அவ்வாறே. 1945-இல் அம்பலப்புழையில் 47 சிறு நூலகங்களை ஒன்று கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தனித்தனியே நின்றிருந்தால் அந்த 47-இல் எத்தனை பிழைத்திருக்குமோ! பின்னாளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் அந்த இயக்கத்தில் இணைந்தன. அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுவதை அறிவீர்கள்.

நம் நோய்க்கு மருந்து என்ன? அறுநூறு பக்க நாவலை ஒரு திங்களில் முடிக்க வேண்டும் என்று தேர்வுக் காலத்தில் கட்டளையிட்டால் யார் வருவார்? ஒரு சிறுகதை போதும். மலையில் மழை தொடங்கினால் கைபேசித் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆகவே பேச்சைப் பதிவு செய்து பின்னர் அனுப்ப வேண்டும். திரையில் படிக்க இயலாதவருக்கு அச்சுப் படியை அஞ்சலில் அனுப்பலாம். கூட்டும் பொறுப்பு திங்களுக்கு ஒருவராக மாறட்டும். பொறுப்பேற்க எழுவரும் மறுத்தால், அதுவே கலைப்பதற்குப் போதிய சான்று.

ஆகவே தீர்மானத்துக்கு நான் கொடுத்திருக்கும் திருத்தம் இது: வரும் ஜூன் 19 வரை வட்டம் மேற்கண்ட மாற்றங்களோடு நடைபெறுக; அன்று பதிவேட்டோடு, படித்துக் காட்டக் கேட்டவர்களின் கணக்கையும் பொதுக்குழுவின் முன் வைத்து முடிவு செய்க. வழிமொழிய இருவர் இசைந்திருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. பொன்முடிக்குப் போக வேண்டிய படி, பாட்டிக்குப் படித்துக் காட்ட வசதியாகப் பெரிய எழுத்தில் எடுத்தது, நேற்று அஞ்சலிற் சேர்க்கப்பட்டது.