இந்திர லோகத்தில் ஐந்து பையன்கள்!

ஒரு வேலை காலியிருக்கிறது. கண்டிஷன்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு டூட்டி ஆரம்பம்; முடியும்போது மணி இரண்டு. வாரத்தில் ஏழு நாளும் உண்டு. சனி, ஞாயிறு லீவா? அன்றைக்குத்தான் ஸார் கூட்டமே வரும், ஆறு மணி நேரம் மேடையில் நின்றாக வேண்டும். தங்குமிடம் இருக்கிறது: ஒரு சினிமா தியேட்டரில் திரைக்குப் பின்னால், கக்கூஸ் ஓரமாக, ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம். முதலாளி அனுமதி இல்லாமல் நாற்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறு எங்கும் வாசிக்கக் கூடாது.

அப்ளிகேஷன் போடுவீர்களா?

ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள். மூத்தவருக்கு வயது இருபது, கடைக்குட்டிக்குப் பதினேழு. 1960 ஆகஸ்ட் 17-ம் தேதி, இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து ஒரு வேனில் கிளம்பி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வந்து இறங்கினார்கள், வொர்க் பர்மிட்கூட இல்லாமல். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டுவர்ட் சட்க்ளிஃப், பீட் பெஸ்ட். குழுவின் பெயர் பீட்டில்ஸ்.

"பீட்டில்ஸ் நாலு பேர்தானே? ரிங்கோ எங்கே?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அந்த விஷயத்துக்கு வந்து சேர நானே மூன்று மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

ஹாம்பர்கில் பீட்டில்ஸ் வாழ்ந்த, வாசித்த, மாட்டிக்கொண்ட இடங்களையெல்லாம் கால்நடையாகவே கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். என் கல்லூரி நண்பன் ஒருவன் அந்த ஊரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, "வாடா, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று இழுத்துப் போனான். டிக்கெட் விலையை நான் ரூபாயில் பெருக்க ஆரம்பித்ததும், "இங்கே பெருக்கினா பட்டினிதான் கிடப்பே" என்றான். நியாயம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம். பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். கைடு ஒரு அறுபது வயது அம்மாள். ஆங்கிலமும் தெளிவு, குரலும் கணீர். எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, "உங்களுக்குப் பிடித்த பீட்டில் யார்?" என்று கேட்டார். ஜான், பால், ஜார்ஜ், ஜான் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. இங்கிலாந்திலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒரு பெரியவர் முறை வந்தபோது, "பீட் பெஸ்ட்" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஹைலிகன்கைஸ்ட்ஃபெல்ட் என்று ஒரு திடல். (பெயரை ஒரே மூச்சில் சொல்பவர்களுக்குத் தனியாகப் பரிசு தரலாம்.) வருஷத்துக்கு மூன்று தடவை இங்கே பொருட்காட்சி மாதிரி ராட்டினங்கள் வரும். 1960 இலையுதிர் காலத்தில் ஆஸ்ட்ரிட் கிர்ச்சர் என்ற ஜெர்மன் பெண் ஐந்து பேரையும் இங்கே நிறுத்தி எடுத்த படங்கள்தான் பீட்டில்ஸின் முதல் உருப்படியான படங்கள். சிரிப்பு இல்லை, கும்பிடு இல்லை. பின்னால் இரும்பு வண்டி, முன்னால் தோல் ஜாக்கெட். பாடகர் என்றால் பல்லைக் காட்டித்தான் போஸ் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கேயே அடிபட்டுப் போனது.

அங்கிருந்து பத்து நிமிஷ நடையில், வோல்வில் தெருவில் ஒரு பழைய வாசல். 1961-ல் யூர்கன் ஃபோல்மர் என்பவர் இந்த வாசலில் சாய்ந்து நிற்கும் ஜானைப் படமெடுத்தார். முன்னால் மங்கலாகக் கடந்து போகும் உருவங்கள் பால், ஜார்ஜ், ஸ்டுவர்ட். பதினாலு வருஷம் கழித்து 1975-ல் ஜான் தன் 'ராக் அண்ட் ரோல்' ஆல்பத்துக்கு அட்டைப் படமாகப் போட்டுக்கொண்டது இதைத்தான். எங்கள் குழுவிலும் எல்லோரும் ஒவ்வொருவராகச் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். என் நண்பன் சாய்ந்தபோது தொப்பைதான் முதலில் வந்தது.

அடுத்து பால் ரூசன் தெரு, 33-ம் நம்பர். நான் மேலே சொன்ன தியேட்டர் இங்கேதான் இருந்தது. பெயர் பாம்பி கினோ. தியேட்டர் போய் ரொம்ப நாளாகிறது. இன்று அது குடியிருப்புத் தெருவில் ஒரு கட்டடம், அவ்வளவுதான். விடியற்காலையில் வந்து படுப்பார்கள். மத்தியானம் முதல் காட்சியின் வசனம்தான் அலாரம். முகம் கழுவ, தியேட்டர் கக்கூஸ் குழாயில் பச்சைத் தண்ணீர். குளிர்காலத்தில் ஹீட்டரும் கிடையாது.

கைடு அம்மாள் இந்த இடத்தில் குரலைத் தழைத்து, "பாவம், சம்பளமும் சொற்பம்" என்று சொன்னார். எனக்குப் பி.காம். புத்தி விழித்துக்கொண்டது. தலைக்கு நாளொன்றுக்கு 30 மார்க், வாரத்துக்கு 210. அந்த வருஷம் மேற்கு ஜெர்மனியில் ஒரு சராசரித் தொழிலாளியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 6,100 மார்க். அதாவது வாரத்துக்கு 117 சொச்சம். ஏஜென்ட் கமிஷன் போனாலும் இந்தப் பையன்கள் சராசரிக்கு மேலே! "கணக்கு சரிதானே?" என்று நண்பனைக் கேட்டேன். மொபைலில் தட்டிப் பார்த்துவிட்டு, "டேலி ஆகுது" என்றான்.

ஆக, பீட்டில்ஸ் பட்டினி கிடந்து வளர்ந்தார்கள் என்று கண்ணைக் கசக்க வேண்டாம். காசு வந்தது. வராதது தூக்கம்.

தூக்கத்தை எங்கே தொலைத்தார்கள் என்று பார்க்க மூலை திரும்பினால் போதும். க்ரோஸே ஃப்ரைஹைட். தமிழில் சொன்னால் 'பெரிய சுதந்திரம்'. இந்தப் பகுதி ஹாம்பர்கைச் சேராத தனி ஊராக இருந்த காலத்தில், 17-ம் நூற்றாண்டில், எந்த மதத்தவரும் கும்பிடலாம், சங்கத்தில் சேராத கைவினைஞரும் தொழில் செய்யலாம் என்று கொடுத்த சுதந்திரம். அதற்குச் சாட்சியாக ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இன்றும் தெருவில் நிற்கிறது. சுற்றிலும் நடக்கும் சுதந்திரங்கள் வேறு மாதிரி. ஊரின் சிவப்பு விளக்குப் பகுதி இது. திருமணமான வாசகர்கள் நான் நேராகப் பார்த்தே நடந்தேன் என்று நம்பவும்.

64-ம் நம்பர்: இந்திரா கிளப். நம்ம இந்திரன் பெயர்தான். அடையாளச் சின்னமும் யானை! ஐராவதத்தை ஹாம்பர்கில் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை. அதுவரை ஆடை அவிழ்ப்பு நடனம் நடந்துவந்த இந்த இந்திர லோகத்தில்தான் பையன்கள் முதலில் வாசித்தார்கள். முதலாளி புரூனோ கோஷ்மிடர், முன்னாள் சர்க்கஸ் கோமாளி. பையன்கள் மரம் மாதிரி நின்று வாசித்தால் கீழேயிருந்து "மாக் ஷௌ!" என்று கத்துவார். 'ஷோ காட்டுங்கடா' என்று அர்த்தம். ஜான் தரையில் உருண்டார், குதித்தார், கூட்டத்தைத் திட்டினார். கூட்டம் கை தட்டியது.

வார நாளில் நாலரை மணி, சனி ஞாயிறு ஆறு மணி என்று ஒப்பந்தம். இந்திராவில் மட்டும் 48 ராத்திரி. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்: 237 மணி நேரம்! கையில் இருந்த பாட்டுகள் அதற்கு எப்படிப் போதும்? மூன்று நிமிஷப் பாட்டைப் பத்து நிமிஷமாக இழுத்தார்கள். கேட்ட பாட்டையெல்லாம் கற்றுக்கொண்டார்கள். கண் சொக்கினால் பிரெலுடின் என்ற மாத்திரை. உடம்பு இளைக்க விற்ற மாத்திரை அது. சாப்பிட்டால் தூக்கம் அண்டாது. ஆபீஸில் மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு ராத்திரி உட்கார்ந்தவர்களுக்கு, டீயில் ஓடும் அந்த ராத்திரிகள் ஞாபகம் வரலாம். அவர்களுக்கு வருஷம் முழுக்க மார்ச்.

சத்தம் தாங்கவில்லை என்று புகார் போய், அக்டோபர் 4-ம் தேதி அதே தெருவில் கைசர்கெல்லருக்கு மாற்றினார் கோஷ்மிடர். அங்கே இன்னொரு லிவர்பூல் குழுவோடு மாறி மாறி வாசிக்க வேண்டும்: ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிகேன்ஸ். மேடைப் பலகை இற்றுப் போயிருந்தது. குதித்தே அதை உடைப்பது யார் என்று இரண்டு குழுவுக்கும் பந்தயம். ரோரி ஜெயித்தார். அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் பெயர்... ரிங்கோ ஸ்டார்.

கைடுகள் எல்லோரும் சொல்லும் ஒரு வாசகம் இருக்கிறது: ஹாம்பர்கின் ஆயிரம் மணி நேர உழைப்புதான் பீட்டில்ஸை உருவாக்கியது என்று. இதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ரோரி ஸ்டார்மும் அதே மேடையில், அதே ராத்திரிகளில்தான் வியர்வை சிந்தினார். பலகையை உடைத்ததோடு சரி. இன்னும் எத்தனையோ இங்கிலாந்துக் குழுக்கள் இந்தத் தெருவில் கூலிக்கு வாசித்துவிட்டுப் பெயர் தெரியாமல் ஊர் போய்ச் சேர்ந்தன. ஓவர்டைம் பார்த்தவனெல்லாம் மேனேஜர் ஆவதில்லையே!

ஆனால் ஓவர்டைம் என்ன எடுத்துக்கொண்டது என்பதற்குத் தெருவில் அடையாளம் இருக்கிறது. பையன்கள் ரீபர்பான் சாலையில் புதிதாகத் திறந்த டாப் டென் கிளப்புக்குத் தாவப் பார்த்ததும் கோஷ்மிடர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் ராத்திரி பத்துக்கு மேல் கிளப்பில் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஜார்ஜுக்குப் பதினேழு என்பது போலீஸுக்குத் தெரிந்தது. நவம்பர் 21-ல் நாடு கடத்தல். சில நாளில் பாலும் பீட்டும், பாம்பி கினோ சுவரில் ஆணுறையை மாட்டிக் கொளுத்தினார்கள் என்று கைதாகி, அவர்களும் ஊருக்கு மூட்டை கட்டப்பட்டார்கள்.

திரும்பி வந்தார்கள். 1961-ல் டாப் டென்னில் மூன்று மாதம். அந்த வருஷம் ஸ்டுவர்ட் குழுவை விட்டு விலகினார். ஜானின் ஓவியக் கல்லூரித் தோழர் அவர்; ஓவியம் விற்ற காசில் பேஸ் கிட்டார் வாங்கிக் குழுவில் சேர்ந்தவர். ஆஸ்ட்ரிட்டைக் கல்யாணம் செய்ய நிச்சயித்து, ஹாம்பர்கிலேயே ஓவியம் படிக்கத் தங்கிவிட்டார். பேஸ் வாசிக்கும் வேலை பாலின் தலையில் விழுந்தது. அதற்காக ஹாம்பர்கில் பால் வாங்கிய வயலின் வடிவக் கிட்டார் 1972-ல் திருடு போய், 2024-ல் திரும்பக் கிடைத்த செய்தியை நீங்கள் படித்திருக்கலாம்.

39-ம் நம்பரில் ஸ்டார் கிளப் இருந்தது. 1969-ல் மூடி, 1983-ல் எரிந்து, பிறகு இடித்தும் விட்டார்கள். உள் முற்றத்தில் அங்கே வாசித்தவர்களின் பெயர்களோடு ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. பார்த்தால் கல்லறைக் கல் மாதிரியே இருக்கிறது. 1962 ஏப்ரல் 13-ல் கிளப்பின் திறப்பு விழாவுக்கு வாசிக்கத்தான் பீட்டில்ஸ் மூன்றாம் முறை வந்தார்கள், இந்தத் தடவை விமானத்தில். ஏர்போர்ட்டுக்கு வந்திருந்த ஆஸ்ட்ரிட் சேதி சொன்னார்: ஸ்டுவர்ட் ஏப்ரல் 10-ம் தேதி மூளையில் ரத்தம் கசிந்து இறந்துவிட்டார். வயது 21. இரண்டு நாள் கழித்து மேடை ஏறினார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

இதைச் சொல்லும்போது கைடு அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. வாசலில் ஒரு இளைஞர் கூட்டம் பீர் பாட்டிலோடு கத்திக்கொண்டு போனது. நாங்கள் வழி விட்டோம்.

அதே 1962 ஆகஸ்ட் 16. லிவர்பூலில் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன், பீட் பெஸ்ட்டை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீ வேண்டாம் என்றார். ஹாம்பர்கில் இரண்டு வருஷம் கூடவே வாசித்த மூன்று பேரில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. இரண்டு நாளில் ரிங்கோ சேர்ந்தார். அக்டோபர் 5-ம் தேதி முதல் இசைத்தட்டு 'லவ் மீ டூ' வெளியானது. ரெக்கார்டு வந்த பிறகும், பழைய ஒப்பந்தத்துக்காக முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தடவை ஹாம்பர்க் வந்து வாசித்துவிட்டு, டிசம்பர் 31 ராத்திரியோடு இந்தத் தெருவுக்கு டாட்டா காட்டினார்கள்.

தெரு ரீபர்பானைத் தொடும் இடத்தில் பீட்டில்ஸ் சதுக்கம். பெயர்தான் சதுக்கம், வடிவம் வட்டம். 29 மீட்டர் குறுக்களவில் தரையே ஓர் இசைத்தட்டு. 2008-ல் திறந்தார்கள். பக்கத்திலேயே 2009-ல் பீட்டில்ஸ் மியூசியம் ஒன்றும் வந்து, நஷ்டம் தாங்காமல் 2012-ல் மூடிக்கொண்டது. வட்டத்தின் ஓரத்தில் எஃகுச் சட்டத்தில் ஐந்து உருவங்கள். உள்ளே வெறும் இடைவெளி. யார் வேண்டுமானாலும் நுழைந்து நின்று பீட்டில் ஆகிக்கொள்ளலாம். ஸ்டுவர்ட் மட்டும் தள்ளி, தனியாக நிற்கிறார்.

டிரம்ஸுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமே. பீட்டும்தான், ரிங்கோவும்தான்" என்றார் கைடு.

"ஒரே சீட்டுல ரெண்டு பேரா? பே ரோல்ல எப்படி எழுதுவான்?" என்று நண்பன் என் காதில் சொன்னான்.

பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். பீட் அப்புறம் என்ன செய்தார் தெரியுமா என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். கொஞ்ச நாள் வேறு குழு; ரொட்டிக் கம்பெனியில் கூலி வேலை; அப்புறம் லிவர்பூலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபது வருஷம். வேலை போனவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் வேலை! 1995-ல் பீட்டில்ஸின் பழைய ஒலிப்பதிவுகள் 'ஆந்தாலஜி' என்று வெளிவந்தபோது, பீட் வாசித்த பாட்டுகளும் அதில் இருந்தன. முப்பத்து மூன்று வருஷம் கழித்து அரியர்ஸ் வந்தது.

பெரியவர் கேமராவை என் நண்பனிடம் கொடுத்துவிட்டு, எஃகுச் சட்டத்துக்குள் போய் டிரம்ஸ் முன்னால் நின்றார். நண்பன் இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

"கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க ஸார், டிரம்ஸ் மறைக்குது" என்றான், தமிழிலேயே. அவர் சரியாக இடது பக்கம் நகர்ந்தார்.