கலைப்பாடம் வீண்பொழுதா?

“சித்திரம் கீறிப் பிள்ளை என்ன காணப்போகின்றான்? அந்நேரத்தில் இரண்டு கணக்குச் செய்யட்டும்.” வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் பெற்றோர் பலர் இவ்வாறு கூறுவதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். வீடு வாசல் இழந்து, கல்வி ஒன்றையே முதலாகக் கொண்டு அந்நிய மண்ணில் காலூன்றிய சமூகம் இவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறும் கடமை, ஆசிரியத் தொழில் புரிந்த எமக்கு உண்டு.

கலை பயின்றால் பரீட்சைப் புள்ளிகள் தாமாக உயரும் என்று கூறுவோர் உளர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ‘புரொஜெக்ற் சீரோ’ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எலன் வின்னர், லோயிஸ் ஹெற்லன்ட் ஆகியோர், அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கலை நிறைந்த கல்வியால் மொழி, கணிதப் புள்ளிகள் உயர்கின்றன என்பதற்குத் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால், வகுப்பறையில் கதைகளை நடித்துக் கற்கும் சிறாரின் மொழித்திறன் வளர்வது தெளிவாயிற்று.

அவ்வாறாயின் சித்திரத்தால் பயன் யாது? நுணுகிப் பார்க்கவும், பார்த்ததற்குக் காரணம் கூறவும் அது பழக்குகின்றது. உளவியலாளர் அபிகெயில் ஹவுசன், நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் கல்விப் பொறுப்பு வகித்த பிலிப் யெனவைன் ஆகியோர் வகுத்த முறையில் மூன்றே வினாக்கள். இப்படத்தில் என்ன நிகழ்கின்றது? எதைக் கண்டு அவ்வாறு சொல்கின்றீர்? இன்னும் எவற்றைக் காணலாம்? ஆசிரியர் சரி, பிழை கூறுவதில்லை. இரண்டாம் வினாவே இம்முறையின் உயிர்.

அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் 2011 இல் திறக்கப்பட்ட கிறிஸ்ரல் பிறிட்ஜஸ் கலை நூதனசாலையைப் பார்வையிட விண்ணப்பித்த பாடசாலைகள் திருவுளச்சீட்டின் மூலம் தெரிவு செய்யப்பட்டன. சென்றோரும் செல்லாதோருமாக ஏறத்தாழ 11,000 மாணவர்களை ஆய்வாளர் ஒப்பிட்டனர். 2013 இல் வெளியான முடிவின்படி, சென்றோரின் நுணுகிச் சிந்திக்கும் ஆற்றல் சிறிதளவு கூடியிருந்தது. கிராமப்புற மாணவரிடம் அப்பயன் மேலும் மிகுந்து காணப்பட்டது.

எமது பாடசாலைகளிலோ பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு மனனம் செய்கின்றனர், மறுவாரம் மறக்கின்றனர். மாறாக, சிலப்பதிகாரத்து வழக்குரைக்கும் காட்சியை அவர்களை நடிக்கச் செய்யுங்கள். “நீர் எதை விசாரித்துத் தீர்ப்பு வழங்கினீர்?” என்று பாண்டியனாக நடிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். பொற்கொல்லனின் சொல்லன்றி வேறு சான்று இல்லாமையை அப்பிள்ளையே கண்டுகொள்ளும். சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என்று உடைத்துக் காட்டும் கண்ணகி, சான்று யாது என்பதை உணர்த்துவாள். விசாரணையற்ற தண்டனையின் கொடுமை எமது சமூகம் அறியாததன்று.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு நாட்காட்டிப் படம், வாரத்தில் இருபது நிமிடம் போதும். பெற்றோர்களே, வீட்டிலும் “எதைக் கண்டு அவ்வாறு சொல்கின்றாய்?” என்று தமிழிற் கேளுங்கள். ‘ஏனென்றால்’ என்று தொடங்கித் தன் கருத்தைத் தானே சொல்லும் பிள்ளைக்கே தமிழ் சிந்தனை மொழியாக நிலைக்கும்.